அலுமினியக் கூரை போடலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கூரை வேலை எடுத்துச் செய்கிறேன். அலுமினியக் கூரை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விலை கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அது டொலரோடு சேர்ந்து ஆடுகிறது, இன்று எழுதினால் நாளைக்குப் பொய்.

வெள்ளவத்தை: அண்ணா, எங்கள் வீடு மரைன் டிரைவுக்குப் பக்கத்தில். உப்புக்காற்றுக்கு அலுமினியம்தான் சரி என்று கூரை வேலை பாஸ் சொன்னார். கடையில் 0.47 மி.மீ. சீற் காட்டினார்கள். வாங்கலாமா?

முதலில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் அந்தச் சீற்றில் வைத்துப் பாருங்கள், தங்கச்சி. ஒட்டினால் அது அலுமினியம் இல்லை, நாகமும் (சிங்க்) அலுமினியமும் கலந்து பூசிய உருக்கு. 0.47 என்று சொன்னதுமே எனக்கு அந்தச் சந்தேகம்தான். அந்தப் பூச்சில் 55 வீதம் அலுமினியம், 43 வீதத்துக்குச் சற்று மேல் நாகம், மிச்சம் சிலிக்கன். கெட்ட சாமான் என்று சொல்ல மாட்டேன். மகரகமையிலோ கடுவலையிலோ வீடென்றால் நானே அதைப் போடச் சொல்வேன். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கடல் தெரிகிற வீட்டில் நிலைமை வேறு. வெட்டிய ஓரத்திலும் ஆணித் துளையிலும் உருக்கு வெளியே தெரியும், உப்பு அங்கேதான் பிடிக்கத் தொடங்கும்.

அசல் அலுமினியம் கீறுப்பட்டாலும் அதன் மேல் ஒட்சைட்டுப் படலம் தானாகவே மறுபடி படியும். வீட்டுக் கூரைக்கு 0.7 மி.மீ. அளவில் வாங்குங்கள். விலை கூடத்தான். அப்புறம், மழை கழுவாத இடங்களில்தான் உப்பு தங்கும். தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தை இடைக்கிடை ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவுங்கள்.

மட்டக்குளி: தகரக் கூரையின் கீழ் பத்து வருடம் வெந்துவிட்டோம். அலுமினியம் குளிர்ச்சி என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பளபளக்கும் அலுமினியம் வெயிலைத் திருப்பி அடிக்கும். ஆனால் உள்ளே வாங்கிய சூட்டை லேசில் வெளியே விடாது. அதனால் பகல் முழுக்க வெயிலில் கிடந்தால் வெள்ளைப் பெயின்ட் பூசிய சீற்றைவிடக் கூடச் சுடும். வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுங்கள். கடும் சிவப்பும் கரும் பச்சையும் பார்வைக்கு அழகு, கீழே இருப்பவருக்குத் தண்டனை.

அதைவிட முக்கியம் சீற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. வெள்ளித்தாள் ஒட்டிய போமைச் சீற்றோடு அமுக்கி, கீழே சீலிங்கையும் நெருக்கி அடித்துவிடுகிறார்கள். வெள்ளித்தாள் வேலை செய்வதே அதற்கு முன்னால் காற்றிடைவெளி இருந்தால்தான். குறைந்தது ஒரு அங்குலமாவது விடச் சொல்லுங்கள். முகட்டில் சூட்டுக்காற்று வெளியேற வழியும், தாழ்வாரத்தில் காற்று நுழைய வழியும் வையுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் என்ன விலைக்குச் சீற் வாங்கினாலும் மார்ச், ஏப்ரலில் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள்.

ஒரு நல்ல விஷயம்: மெல்லிய உலோகம் பொழுது சாய்ந்ததும் கெதியாக ஆறிவிடும். ஓடு இரவிலும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

கொட்டாஞ்சேனை: பழைய அஸ்பெஸ்டஸ் கூரை. அதைக் கழற்றாமல் மேலேயே அலுமினியம் போட்டால் செலவு குறையும் என்கிறார் ஒருவர்.

வேண்டாம். அதைப் பொருத்த அஸ்பெஸ்டஸைத் துளைக்க வேண்டும், அந்தத் தூசிதான் நஞ்சு. இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இலேயே தடை. நம் கூரைகளில் இருப்பது வெள்ளை. அதையும் படிப்படியாக நிறுத்த அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும், அஸ்பெஸ்டஸ் தடையும் தள்ளிப்போனது. நமக்கு வெள்ளை அஸ்பெஸ்டஸ் அனுப்புவதும் பெரும்பாலும் ரஷ்யாதான், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் எப்படியோ போகட்டும். கழற்றும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஆணியைக் கழற்றி, சீற்றை முழுசாக இறக்கச் சொல்லுங்கள். உடைத்துக் கீழே போடுவதும் வாளால் அறுப்பதும் கூடாது. வேலைசெய்பவர்களுக்குத் தூசி வடிகட்டும் முகமூடி வேண்டும், சாதாரண துணி போதாது. பிள்ளைகளை அன்றைக்கு உறவுக்காரர் வீட்டில் விடுங்கள்.

வத்தளை: ஓட்டை இறக்கிவிட்டு அலுமினியம் போட்டால் மரம் மிச்சமா?

மிச்சம். ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோ அளவில் வரும், 0.7 மி.மீ. அலுமினியம் 2 கிலோ சொச்சம்தான். ஆனால் பாரம் குறைந்தால் காற்று தூக்கும். சிலாகை மரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டி போட்டுக் கட்டுங்கள். ஓரங்களிலும் முகட்டிலும் ஆணியை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள்.

கல்கிசை: அசல் அலுமினியம்தான் போட்டோம் ஐயா. மூன்றாம் வருடம் ஒரு சுவர் ஓரமாக வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஊசித்துளை விழுந்திருக்கிறது. சாமான் பழுதா?

படத்தைப் பார்த்தேன். சீற்றில் குறையில்லை. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மேசன் சீமெந்துக் கலவையைச் சீற்றின் மேலேயே பூசியிருக்கிறார். ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும். அந்த இடத்தில் மடிப்புத் தகடு வைத்து, சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும்.

அதே படத்தில் ஏசியின் செப்புக் குழாயும் கூரைமேல் கிடக்கிறது. குழாயில் வியர்க்கும் தண்ணீர் சொட்டுகிற இடத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். செப்புப் பட்ட தண்ணீர் அலுமினியத்துக்கு ஆகாது. குழாயைத் தூக்கி ஓரமாகக் கட்டுங்கள். செப்பு மருந்து ஏற்றிய மரமும் அப்படித்தான், இடையில் தார்த்தாள் வைக்காமல் சீற்றைப் படவிடாதீர்கள்.

ஆணியையும் ஒரு தரம் பாருங்கள். சாதாரண நாகப்பூச்சு ஆணி என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள், கறுப்பு ரப்பர் வாஷரோடு. வாஷர் லேசாக அமுங்கினால் போதும். எங்கள் பையன்கள் டிரில்லை விடாமல் அழுத்தி, ரப்பரைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடுவார்கள், இரண்டு வெயிலில் அது வெடித்துவிடும். காலையிலிருந்து மத்தியானத்துக்குள் சீற்றின் சூடு 35 பாகை ஏறினால் 20 அடிச் சீற் 5 மி.மீ. நீளும். உருக்கு அதில் பாதிதான். எனவே ஆணித் துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும். மத்தியானத்தில் கேட்கிற டிக் டிக் சத்தமும் இதுதான், பேயில்லை.

தெஹிவளை: பக்கத்து வளவில் தென்னை. தேங்காய் விழுந்தால்?

ஓடு உடையும், அலுமினியம் குழியும். குழி ஒழுகாது, பார்வைக்குத்தான் அசிங்கம். குலையை நேரத்துக்கு இறக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டாரோடு கதையுங்கள், மலிவு அதுதான்.

கிராண்ட்பாஸ்: மழைச் சத்தத்தில் பிள்ளை படிக்க முடியுமா?

வெறும் சீற் என்றால் முடியாது. கல்கம்பளியும் (ராக் வுல்) சீலிங்கும் போட்டால் முடியும்.

கொலன்னாவை: உலோகக் கூரை இடியை இழுக்குமா? போன் சிக்னல் போகுமா?

கூரை உலோகம் என்பதற்காக இடி தேடி வராது. உயரமும் இடமும்தான் கணக்கு. சிக்னல் குறையத்தான் செய்யும், மேல் மாடியில் இருப்பவர்கள் ஜன்னல் ஓரம் நின்று கதைக்க வேண்டிவரும். வைபை வையுங்கள்.