பரண் பொருள் கேள்வி-பதில்: தாத்தாவின் 'ரோல்ஸ்' ரேசர்

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா பெரம்பூர் லோகோ பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, மூக்குக்கண்ணாடிக் கூடு அளவில் வெள்ளி நிறத்தில் ஒரு பெட்டி கிடைத்தது. மேலும் கீழும் மூடிகள். ஒரு மூடிக்குள் கல், இன்னொன்றில் தோல். நடுவில் உள்ள கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் கடகடவென்று சத்தம் வருகிறது. மேலே எழுத்து தேய்ந்து 'ரோல்ஸ்' என்பது மட்டும் தெரிகிறது. ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனி செய்தது, லட்சக்கணக்கில் போகும் என்கிறார் சித்தப்பா. உண்மையா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, 'கடகட' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே பொருள் இன்னதென்று தெரிந்துவிட்டது. அது ரோல்ஸ் ரேசர். லண்டனில் கிரிக்கில்வுட் பகுதியில் அதே பெயரில் இருந்த கம்பெனியின் சரக்கு. காருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கம்பெனி கடைசியில் வாஷிங் மெஷின் வியாபாரத்தில் இறங்கி, 1964-ல் நொடித்துப்போனது.

ஜில்லெட் பிளேடு மழுங்கினால் தூக்கிப்போட வேண்டும். இதில் அப்படியில்லை. சவரக்கத்தியில் ஒரு துண்டை வெட்டியெடுத்த மாதிரி தடியான பிளேடு ஒன்றுதான். அதைத் தீட்டித் தீட்டி வருஷக்கணக்காக ஓட்டலாம். தீட்டுவதற்கான பட்டறை அந்தப் பெட்டியே. தோல் உள்ள மூடியை விட்டுவிட்டு மற்றதைக் கழற்றி, கைப்பிடியை நிமிர்த்தித் தள்ளினால், பிளேடு தோலின் மேல் ஓடி ஒவ்வொரு முனையிலும் தானாகப் புரளும். நீங்கள் கேட்ட சத்தம் அந்தப் புரளல்தான்.

அது சின்ன விஷயமில்லை. தோலில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர்ப்பக்கம் பின்னே வர வேண்டும். மாறிப்போனால் தோல் கிழிந்துவிடும். என் அப்பா ராயபுரத்தில் சலூன் வைத்திருந்தார். தீட்டும் தோல் பட்டையின் முனையில் கத்தியைப் புரட்டும் அந்த மணிக்கட்டுத் திருப்பம் எனக்குக் கைவர ஒரு வருஷம் ஆனது. அதையே ஒரு பெட்டிக்குள் அடக்கி, யார் கையிலும் தப்பு நேராதபடி செய்திருக்கிறார்கள். எப்போது பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஷேவ் செய்ய, பிளேடைக் கழற்றித் தனிக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். அந்தக் கைப்பிடி பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பிளேடை வெளிச்சத்தில் பிடியுங்கள். கூர் ஓரம் நேராக இருந்தால் தாத்தா கருவி தெரிந்தவர் என்று அர்த்தம். தோல் தினமும், கல் எப்போதாவது என்பதுதான் முறை. தினமும் கல்லில் தேய்த்தால் பிளேடு சீக்கிரமே ஒடுங்கிவிடும். ஃபிட்டர் கை என்பதால் நேராகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

விலையைப் பற்றிச் சித்தப்பா சொல்வது நடக்காது. ஏராளமாகச் செய்து விற்ற பொருள் இது. ஆனாலும் தாத்தாவின் நினைவுப் பொருள், யாராவது வந்து கேட்டால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்கவே வேண்டாம், முலாம் போய்விடும். காய்ந்த துணி போதும். பிளேடுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தோலில் தண்ணீர் படக் கூடாது.

தேய்ந்த எழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் பிடித்துத் தேயுங்கள். 'இம்பீரியல்' என்றோ 'வைகவுன்ட்' என்றோ எழுந்து வரலாம். இரண்டும் அந்தக் கம்பெனி செய்த மாடல்கள். என்ன வந்தாலும் அந்தத் தாளை எனக்கு அனுப்பி வையுங்கள், அம்மா.