ஓகே அமுக்கியது யார் தப்பு?

கே: குலசேகரத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன வாரம் கொடைவிழா நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஏதோ பெட்டி வந்து, எனக்குத் தெரியாமலே ஓகே ஆகி, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. முக்கால்வாசி வேலை போச்சு. "பார்க்காம அமுக்கினது உங்க தப்பு" என்கிறான் மகன். என் தப்புதானா? பேசாமல் அப்டேட்டையே நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், குலசேகரம்

ப: உங்கள் தப்பு இல்லவே இல்லை. டைப் அடிக்கிறவரின் கண் தாளில் இருக்கும், திரையில் இருக்காது. உபயதாரர் பட்டியலில் ஒரு பெயர், என்டர். அடுத்த பெயர், என்டர். இந்த ஓட்டத்துக்கு நடுவே ஒரு பெட்டி முன்னால் வந்து குதிக்கிறது. அதில் 'ஓகே' ஏற்கெனவே தேர்வாகி நிற்கிறது. அடுத்த பெயருக்காக நீங்கள் தட்டிய என்டரை அது தனக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் சம்மதமா?

எங்கள் அலுவலகத்திலும் இது நடந்தது. டைப் அடிக்கும் அம்மா மூன்று பக்கக் கையெழுத்துப் பிரதியை முடிக்கப்போகும் நேரம். தலை நிமிர்ந்தால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றுமே சொல்லாமல் முதல் பக்கத்தை மறுபடி எடுத்து ஸ்கேலை அதன்மேல் வைத்தார். அன்று கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் பக்கத்தில் ரப்பர் வெட்டுகிறவரைப் பாருங்கள். விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் பட்டையைச் சீவி வரும்போது, கத்தி கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலும் மரத்தில் காயம். அந்த நேரத்தில் யாராவது அவர் தோளைத் தட்டிக் கணக்குக் கேட்பார்களா? சிரட்டையில் பால் சொட்ட ஆரம்பித்த பிறகுதான் பேச்சு.

மென்பொருள் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். பின்னணியில் ஓடும் நிரல் நினைத்த நேரத்தில் முன்னால் வந்து நிற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு விண்டோஸ் 98, 2000 காலத்திலேயே வந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கீழே அதன் பட்டன் மின்னும். கை ஓய்ந்ததும் நாம் பார்த்துக்கொள்ளலாம். ஆபீஸ் 97-இல் கடிதம் எழுத ஆரம்பித்தாலே 'உதவட்டுமா' என்று வந்து நின்ற கிளிப் பொம்மை நினைவிருக்கிறதா? பயன்படுத்தியவர்களின் எரிச்சல் சும்மா போகவில்லை. 2001-இல் அது தானாக வராதபடி அடக்கப்பட்டது, 2007 பதிப்பில் அடியோடு எடுக்கப்பட்டது. வழி தெரிந்திருந்தும் இன்றைக்கும் குறுக்கே வருகிறார்கள் என்றால், நம் வேலையைவிடத் தங்கள் அறிவிப்பு பெரிது என்று நினைக்கிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

ஆனால் அப்டேட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நாசகார நிரல் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே அப்டேட்டாக வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். வேலை நடுவே தொந்தரவு செய்து செய்தே, உங்களைப்போல் கவனமானவரைக்கூட 'நிறுத்திவிடலாமா' என்று கேட்கவைத்துவிட்டார்கள். பேட்டரி தீரப்போகிறது, டிஸ்க் நிரம்பிவிட்டது என்றால் சரி, உடனே சொல்லட்டும். புது வசதி வந்த செய்தி கடை மூடும்வரை காத்திருக்காதா?

விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று இருக்கும். அதில் கடை நேரத்தைக் குறித்துவிடுங்கள். 18 மணி நேரம்வரை கொடுக்கலாம். அந்த நேரத்தில் அதுவாக ரீஸ்டார்ட் ஆகாது. மற்ற நிரல்களின் நோட்டிபிகேஷன்களை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். அரைமணி நேர வேலை. பத்துப் பெயருக்கு ஒருமுறை கன்ட்ரோல் எஸ் தட்டிச் சேமித்துவிடுங்கள்.

அப்புறம், அடுத்த கொடைக்கு வரும் உபயதாரர் பட்டியலை மகனிடம் கொடுத்து, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அடிக்கச் சொல்லுங்கள்.