மாருதி 800-ஐ வைத்துக்கொண்டு போலோவுக்கு ஈடுகொடுக்க முடியுமா?

கேள்வி: என்னிடம் கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800 இருக்கிறது. நண்பரிடம் போக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. கோவை அருகே செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் இருவரும் ஓட்டிப் பார்க்கவிருக்கிறோம். 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். என்ஜினை போர் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, திறனைக் கூட்டலாமா? (பெருந்துறை வாசகர்)

பதில்: வேண்டாம். கணபதியிலோ பீளமேட்டிலோ எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் போர் செய்து தருவார்கள் என்பது உண்மைதான். கோவையில் கிடைக்காத கைவேலை ஏது? ஆனால் உங்கள் பணம் போய்ச் சேரவேண்டிய இடம் அதுவல்ல.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கார் சுமார் 37 குதிரைத்திறன், 650 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்தால் டன்னுக்கு ஏறத்தாழ 51 குதிரைத்திறன். சுமார் 1,100 கிலோ எடையுள்ள போலோவின் 105 குதிரைத்திறனை அதேபோல் கணக்கிட்டால் 90 வருகிறது. பின்னிருக்கை, ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு என்று சுமார் 35 கிலோவை இறக்கினால் உங்கள் கணக்கு ஏறத்தாழ 54 ஆகும். என்ஜினில் சுமார் இரண்டு குதிரையைக் கூட்டியதற்குச் சமமான இந்த லாபத்துக்குச் செலவு ஒரு ஸ்பேனர்தான். அப்படியும் நேர்பாதையில் நண்பர் உங்களைத் தாண்டத்தான் போகிறார். ஆனால் சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தடத்தில் நேர்பாதை குறைவு, வளைவுகள் அதிகம். ஒரே வேகத்திலிருந்து நிற்பதற்கு உங்கள் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல், அவருடைய பிரேக் விழுங்குவதில் பாதிக்குச் சற்றே மேல். அவரைவிடத் தாமதமாக பிரேக் பிடித்து, வளைவில் வேகத்தைச் சிந்தாமல் வெளியேறுவதே உங்களுக்கான வழி.

ஆகவே பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அது கொதித்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கி, கார் நிற்காது. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக்குறியீடு. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. முழுவதும் வடித்து டாட் 4 நிரப்பி, முன் டிஸ்க்குக்கு நல்ல பேட் போடுங்கள். அடுத்தது நான்கு புதிய டயர், அதற்கடுத்து தேய்ந்த ரப்பர் புஷ்ஷையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றுவது. டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுச் சில சுற்று ஓட்டுங்கள். பக்கச்சுவர்வரை கோடு அழிந்திருந்தால் காற்று போதவில்லை. முன்சக்கர இயக்கக் கார் வளைவில் திரும்ப மறுத்து வெளியே ஓடும். பின் டயரில் காற்றழுத்தத்தை இரண்டு பிஎஸ்ஐ கூட்டினால் அது குறையும். ஆனால் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் வால் சுழன்றுவிடும், எச்சரிக்கை. என்ஜினுக்கு டியூனிங், புதிய பிளக், சுத்தமான ஏர் பில்டர் போதும். ஹெல்மெட்டும் நல்ல சீட் பெல்ட்டும் இல்லாமல் தடத்தில் இறங்கவே கூடாது.

இந்தத் தடம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தக் கரிவர்தன், உங்கள் காரில் உள்ள 800 என்ஜினை வைத்தே பார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். பார்முலா 1 வரை போன நம்மூர் நரேன் கார்த்திகேயனும் தொடக்க காலத்தில் அதை ஓட்டியவர்தான். அந்த என்ஜினைச் சுமந்த உடல் இலேசானது என்பதுதான் அதில் கவனிக்கவேண்டியது.

அவினாசி சாலையில் ஒத்திகை பார்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பொதுச்சாலைப் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் குற்றம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கழற்றிய இருக்கையையும் ஸ்டெப்னியையும் தடத்திலேயே மாட்டிக்கொண்டுதான் பெருந்துறைக்குத் திரும்பவேண்டும்.

இன்னொன்று: கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுங்கள்.