விசா கையில் இருந்தும் விமானத்தில் ஏற்ற மறுப்பார்களா? விசா தவிர வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று, இனி வேறு எதையாவது சரிபார்க்க வேண்டுமா, விசா இருந்தும் சிலரைத் திருப்பி அனுப்புகிறார்களாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்புகிறார்கள். ஒன்பது ஆண்டுகள் விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் இருந்தவன் நான். ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு போர்டிங் பாஸ் தருவதுதான் வேலை. "நீங்கள் இன்றைக்குப் போக முடியாது" என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்த காகிதத்திலேயே காரணம் அச்சாகி இருந்தது. ஒரு வாரம் முன்பு கவனித்திருந்தால் போதும். அந்த ஆதங்கத்தில்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

ஒரு இரவு கணவன், மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை மூவரும் வந்து நின்றார்கள். போகிற நாட்டுக்கு அவர்களுக்கு விசாவே தேவையில்லை. அதனால் வேறு எதையும் பார்க்கவில்லை. பெரியவர்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் இன்னும் பல வருடம் செல்லும். குழந்தையுடையதைத் திறந்தேன். காலாவதிக்கு நான்கு மாதம்கூட இல்லை. அந்த நாடு கேட்பதோ, வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம். நான் கணினியைப் பார்க்கிறேன், அந்தத் தாய் என் முகத்தையே பார்க்கிறார். குழந்தை பெட்டியின் மேல் உட்கார்ந்து பொம்மைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தது. பல நாடுகளில் பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுக்கும் குழந்தைகளுக்கு ஐந்து ஆண்டுக்கும் பாஸ்போர்ட் தருகிறார்கள். அப்பா அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் தேதி இருக்கிறது என்று நினைத்துவிடுவது மிக மிகச் சாதாரணமாக நடக்கும். அன்று மூவருமே திரும்பிப் போனார்கள்.

கவுண்டரில் இருப்பவர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று பலருக்குக் கோபம் வரும். சேர வேண்டிய நாட்டில் உங்களை உள்ளே விடவில்லை என்றால், திருப்பி அழைத்து வருவது அந்த விமான நிறுவனத்தின் பொறுப்பு. அதோடு அபராதமும் உண்டு. சரியான ஆவணம் இல்லாத ஒரு பயணிக்குப் பிரிட்டன் 2000 பவுண்டு வரை விதிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு விதிப்படி, உறுப்பு நாடுகளும் இப்படி அபராதம் வைத்திருக்க வேண்டும்; ஆளுக்குக் குறைந்தது 3000 யூரோ என்பது அந்த விதி அனுமதிக்கும் கணக்குகளில் ஒன்று. அதனால் இமிகிரேஷன் அதிகாரிக்கு முன்பே விமான நிறுவனம் உங்களைச் சோதித்துவிடுகிறது. அதற்கு நாங்கள் பார்ப்பது டைமாட்டிக் என்ற தரவுத்தளம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்துவது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே போகிறீர்கள், எந்த வழியாக, எத்தனை நாள் என்று கொடுத்தால், என்னென்ன வேண்டும் என்று சொல்லும். நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்பதைவிட எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். உடன் வேலை பார்க்கிறவர் விசா இல்லாமல் போய்வந்தார் என்பது உங்களுக்குப் பொருந்தாது. பல விமான நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே இதே தகவலைப் பயணிகள் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. டிக்கெட் போடும் முன்பே பாருங்கள்.

லத்தீனில் 'விசா' என்றால் 'பார்க்கப்பட்டது' என்று பொருள். தூதரகத்தில் ஒருவர் உங்கள் காகிதங்களைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். உள்ளே விடுவதா, எத்தனை நாள் விடுவது என்பதை எல்லையில் நிற்கும் அதிகாரி மறுபடி தீர்மானிப்பார். அமெரிக்க விசா இதற்கு நல்ல உதாரணம். சுற்றுலா விசா 10 ஆண்டுக்குக்கூடத் தருவார்கள். அந்தப் பத்து ஆண்டும் அங்கே தங்கலாம் என்று அர்த்தமில்லை. நுழையும்போது பதிவாகும் ஐ-94 என்ற பதிவில் எந்தத் தேதி இருக்கிறதோ அதுவரைதான் தங்கலாம். உள்ளே போனதும் இணையத்தில் அந்தத் தேதியை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா ஸ்டிக்கரை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவையே எடுத்துக்கொள்வோம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்கும். பக்கத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்று தனியாக இருக்கும். ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை என்று போட்டு, நாள் 15 என்று இருந்தால், அந்த முப்பது நாளுக்குள் ஏதாவது பதினைந்து நாள். இறங்குகிற நாளும் கிளம்புகிற நாளும் அதில் சேர்த்தி. தேதி 30 வரை இருக்கிறதே என்று திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு கட்டத்தில் எத்தனை முறை நுழையலாம் என்று இருக்கும். அங்கே 01 என்று இருந்தால், பாரிஸில் இறங்கி நடுவில் இரண்டு நாள் லண்டன் பார்த்துவிட்டு மறுபடி பாரிஸ் வழியாக ஊர் திரும்பும் திட்டம் நடக்காது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கன் பகுதியில் இல்லை. வெளியே காலை வைத்த கணமே அந்த விசா முடிந்தது.

பலமுறை நுழையும் விசா உள்ளவர்களுக்கு 180 நாளில் 90 நாள் என்ற கணக்கு இருக்கிறது. இது ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும் கணக்கு அல்ல. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணுவார்கள். மார்ச் 1 அன்று போய், ஒரே மூச்சில் 90 நாள் தங்கினால் மே 29 அன்று வெளியேற வேண்டும். மறுபடி காலடி வைக்கக்கூடிய முதல் நாள் ஆகஸ்ட் 28. முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகளை வைத்து அதிகாரி கையால் கணக்குப் போடுவார். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு நாள் கூடினாலும் கணினியே காட்டிவிடும்.

தேதியில் இன்னொரு நுணுக்கம். ஒருவருக்கு 10ஆம் தேதி முதல் விசா. 9ஆம் தேதி மாலை கிளம்பும் விமானம். "போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும் சார்" என்றார். டிக்கெட்டில் இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கில் 9ஆம் தேதி இரவு 11.40. மேற்கே பறந்ததால் கடிகாரம் பின்னால் போயிருந்தது. இருபது நிமிடம்! அந்த இருபது நிமிடத்துக்காக அவரை ஏற்ற முடியவில்லை. மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. இறங்கும் ஊரின் நேரப்படி என்ன தேதி என்பதைப் பாருங்கள்.

டிரான்சிட், அதாவது வழியில் இன்னொரு நாட்டில் விமானம் மாறுவதுதான் நான் பார்த்ததில் அதிகம் பேரைக் கவிழ்த்தது. விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லையே, எதற்கு விசா என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் அந்தக் கதையே கிடையாது. டல்லாஸில் இரண்டு மணி நேரம் நின்று மெக்சிகோ போனாலும், நீங்கள் அமெரிக்காவுக்குள் நுழைந்து வெளியேறியதாகத்தான் கணக்கு. அதற்கு விசாவோ, விசா விலக்குள்ள நாட்டவர் என்றால் ஈஎஸ்டிஏ என்ற முன் அனுமதியோ வேண்டும். கனடாவிலும், விசா தேவைப்படும் நாட்டவர் பெரும்பாலும் டிரான்சிட்டுக்கும் விசா எடுக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளில் பலரும் விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறிப் போகலாம். ஆனால் இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் உள்ளிட்ட பன்னிரண்டு நாட்டவர்களுக்கு அதற்கும் தனி விசா கேட்கிறார்கள். சில வகையினருக்கு அதில் விலக்கும் உண்டு.

அதைவிடப் பெரிய குழி, இரண்டு ஷெங்கன் விமான நிலையங்கள் வழியாகப் போகும் டிக்கெட். மேல்படிப்புக்குக் கனடா போகிற பையன் ஒருவன் வந்தான். கனடா விசா பக்காவாக இருந்தது. டிக்கெட்டோ ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து பாரிஸ், அங்கிருந்து மாண்ட்ரியல். விலை குறைவாக வந்ததாம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பாரிஸ் போவது ஷெங்கனுக்குள் உள்நாட்டுப் பயணம் மாதிரி. ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இமிகிரேஷனைத் தாண்டி உள்ளே நுழைந்தாக வேண்டும். அதற்கு முழு ஷெங்கன் விசா தேவை, அவனிடம் இல்லை. நேராக ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தே மாண்ட்ரியல் என்று இருந்திருந்தால் சிக்கலே வந்திருக்காது. தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டாலும் இதே தொல்லைதான். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வந்தாக வேண்டும், அப்போது அந்த நாட்டு விசா கேட்பார்கள்.

பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். ஆறு மாத விதியை சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா போன்றவை கேட்கின்றன. ஷெங்கனுக்கு, கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்ல வேண்டும், வழங்கி 10 ஆண்டு தாண்டியிருக்கவும் கூடாது. வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு கேட்கும் நாடுகள் உண்டு. ஓரம் கிழிந்தது, தண்ணீர் பட்டு உப்பியது, போட்டோ பக்கத்தின் பிளாஸ்டிக் உரிந்தது என்றால் புதிதாக எடுத்துவிடுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். ஸ்டிக்கரைப் பிய்த்துப் புதியதில் ஒட்டினால் விசா செல்லாமல் போய்விடும்.

பெயர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். டிக்கெட், விசா, பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒரே பெயருடன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயருள்ளவர்களுக்கு விசிட் விசா விஷயத்தில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, கவுண்டரில் கண்ணீரும் கம்பலையுமாக நின்றவர்கள் பலர்.

விசா தேவையில்லை என்பதற்கும் எதுவுமே தேவையில்லை என்பதற்கும் இப்போது தூரம் அதிகமாகிவிட்டது. பிரிட்டனின் ஈடிஏ போன்ற முன் அனுமதிகள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. பாஸ்போர்ட் புதிதானால் அனுமதியும் புதிதாக எடுக்க வேண்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதைக் கேட்கிறது. தாய்லாந்து அட்டைக்கும் சிங்கப்பூர் அட்டைக்கும் கட்டணமே இல்லை. அரசுத் தளம் மாதிரியே தோற்றத்தில் ஒன்றை நடத்தி இதற்குப் பணம் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாமல், அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்துக்கு நேராகப் போங்கள்.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் பயணம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைப் பாருங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும்.

இமிகிரேஷனில் கேட்பது பெரும்பாலும் மூன்று: எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் மூன்றையும் காகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்த நிலையில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தையை ஒரு பெற்றோர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கூடவே இருக்கட்டும். விண்ணப்பத்தில் முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டதா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மறுப்பு ஒரு குற்றமல்ல. அதை மறைப்பதுதான் ஆபத்து. பொய்த் தகவல் கொடுத்தால் பிரிட்டன் பத்து ஆண்டு வரை விண்ணப்பங்களை நிராகரிக்கும்.

இதையெல்லாம் மீறி கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள் என்றால், சத்தம் போட்டு நேரத்தை இழக்காதீர்கள். எந்த விதி என்று திரையில் இருக்கும் வாசகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஊழியரும் தவறாகப் படித்திருக்கலாம், எனக்கே அப்படி நடந்திருக்கிறது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டதும் இரண்டு நிமிடத்தில் தீர்ந்த வழக்குகள் உண்டு. தீராது என்று தெரிந்தால், விமானம் கிளம்புவதற்கு முன்பே அங்கேயே டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்றுங்கள். கிளம்பிவிட்டால் நீங்கள் வரவே இல்லை என்று பதிவாகி, திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள். அந்த நான்கு வயதுக் குழந்தையின் தந்தை டிக்கெட்டை மாற்றிவிட்டுத்தான் வெளியே போனார். ஆறு வாரம் கழித்து, புதுப் பாஸ்போர்ட்டோடு என் கவுண்டருக்கே வந்தார்கள்.