கொரொபரி தவளைகளில் எதற்கு ஆபத்து அதிகம்?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் மஞ்சள் வரி போட்ட கொரொபரி தவளையில் தெற்கு, வடக்கு என்று இரண்டு இனம் உண்டாமே! படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. எதற்கு ஆபத்து அதிகம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தெற்குக்குத்தான். ஆஸ்திரேலிய அரசின் பட்டியலில் இரண்டும் அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற ஒரே வகுப்பில் இருக்கின்றன. அதை வைத்து இரண்டின் கதியும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். வடக்குத் தவளைக்கு பிரிண்டபெல்லா மலைகள் உட்படச் சில இருப்பிடங்கள் மிச்சம் இருக்கின்றன. தெற்குத் தவளைக்கு கொசியஸ்கோ தேசியப் பூங்காவை விட்டால் உலகில் வேறு போக்கிடம் கிடையாது. அங்கேயும் மிருகக்காட்சிசாலைகளில் வளர்த்துக் கொண்டுபோய் விடுவதால்தான் அதன் வம்சம் ஓடுகிறது.

இனம் காண்பது எளிது. தெற்கின் வரிகள் அகலம், பளீர் மஞ்சள். வடக்கின் வரிகள் ஒல்லி, கொஞ்சம் பச்சை கலந்திருக்கும். இரண்டும் 3 செ.மீ.க்கு மேல் வளர்வது அபூர்வம். தெற்குத் தவளையை மெல்பர்ன் மிருகக்காட்சிசாலையில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தாவவில்லை, ஈரப் பாசியின் மேல் காலை எடுத்து வைத்து நடந்து போனது. கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

இரண்டையும் சாய்த்தது கைட்ரிட் பூஞ்சை. தவளை தோல் வழியாகத்தான் நீரையும் உப்பையும் சமாளிக்கிறது. பூஞ்சை தோலைக் கெடுத்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து இதயம் நின்றுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், இவை வாழும் அதே பாசிச் சதுப்பில் இருக்கும் வேறொரு சாதாரணக் குட்டித் தவளை இந்தப் பூஞ்சையைச் சுமந்துகொண்டே சௌக்கியமாக இருக்கிறது. அது இருக்கும்வரை நோய் அந்த இடத்தை விட்டுப் போகாது. அதனால்தான் தெற்குத் தவளைகளுக்குக் காட்டுக்குள்ளேயே வேலி போட்டு, நோய் அண்டாத அடைப்புகள் கட்டினார்கள். 2019-20 காட்டுத்தீ அவற்றையும் விட்டுவைக்கவில்லை.

இழந்ததைச் சீக்கிரம் ஈடுகட்டவும் வழியில்லை. ஒரு பெண் தவளை இடுவது 40க்கும் குறைவான முட்டைகள். கோடையில் பாசிக்குள் இட்ட முட்டையில் குஞ்சு வளர்ந்தும் வெளியே வராமல், மழையோ பனி உருகிய நீரோ கூட்டை நனைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். முட்டையிடும் பருவத்துக்கு வர நான்கு வருடம்போல ஆகும்.

வடக்குத் தவளையையும் கான்பெரா பக்கத்தில் டிட்பின்பில்லாவில் வளர்க்கிறார்கள். அது அவசியம்தான். ஆனால் காட்டுக்குதிரைகள் மிதித்துக் குழப்பும் பாசிச் சதுப்புகளை முதலில் மீட்க வேண்டும் என்பேன். சதுப்பு காய்ந்துவிட்டால், வளர்த்த தவளையைக் கொண்டுபோய் எங்கே விடுவது?