டேங்கில் பத்துச் சொட்டு எண்ணெய் விட்டால் டெங்கு போகுமா?

கேள்வி: பக்கத்துத் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எலுமிச்சைப்புல் எண்ணெய் விற்கிறார், 100 மில்லி 450 ரூபாய். ஆயிரம் லிட்டர் டேங்கில் பத்துச் சொட்டு விட்டால் புழு செத்துவிடும், உடம்பில் தடவினால் கொசு அண்டாது என்கிறார். டம்ளரில் செய்தும் காட்டினார். எனக்கு ஏழு வயதில் பையன், இரண்டு வயதில் பெண். வாங்கலாமா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. டேங்குக்கும் உதவாது, குழந்தைகளுக்கும் தேவையில்லை.

முதலில் அந்த டம்ளர் விஷயம். கொசுப்புழு நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாலருகே உள்ள குழல் வழியாக மூச்சு விடும். மேலே எண்ணெய் படர்ந்தால் மூச்சு முட்டிச் சாகும். அந்த டம்ளரில் நீங்கள் நல்லெண்ணெய் விட்டிருந்தாலும் கொஞ்ச நேரத்தில் செத்திருக்கும். பத்துச் சொட்டு என்பது அரை மில்லி. ஆயிரம் லிட்டரில் அது எந்த மூலைக்கு? ஆய்வகத்தில் இந்த வகை எண்ணெய்கள் புழுவைக் கொல்ல, லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் தேவைப்படுகிறது. லிட்டருக்கு 50 என்று வைத்தால் அவர் விற்கும் பாட்டிலில் பாதி ஒரே டேங்குக்குப் போய்விடும். அதுவும் ஆவியாகிவிடும் எண்ணெய், திரும்பத் திரும்ப விட வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்க வேண்டும்.

இப்படி விற்பவர்கள் கையில் எப்போதும் ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கும். அது பொய்யில்லை. ஏதோ ஓர் இலையிலிருந்து எண்ணெய் எடுத்து, கிண்ணத்தில் 25 புழுக்களை விட்டு, 24 மணி நேரத்தில் பாதி சாகும் அளவைக் கணக்கிட்ட கட்டுரைகள் நம் கல்லூரிகளிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. பட்டத்துக்கு அது போதும். அதே எண்ணெயை ஒரு தெருவில், மூடியில்லாத நூறு தொட்டிகளில் சோதித்துப் பார்க்க எத்தனை பேர் முன்வருகிறார்கள்? அந்த இடைவெளியில்தான் வியாபாரி கடை போடுகிறார்.

உடம்பில் தடவுவதற்கு வருவோம். 2002-ல் அமெரிக்காவில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தி கொசுவையே வைத்து ஒரு சோதனை நடந்தது. டீட் என்ற கொசுவிரட்டி ரசாயனம் 23.8 சதவீதம் கலந்த மருந்து சராசரியாக 5 மணி நேரம் காத்தது. எலுமிச்சைப்புல்லுக்கு நெருங்கிய உறவான சிட்ரோனெல்லா கலந்தவை 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. வாசனை நம் மூக்குக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும், கொசு அதற்குள் கடிக்கத் தொடங்கிவிடும். வாசனை வருகிறதே என்று நிம்மதியாக இருப்பதுதான் பெரிய ஆபத்து.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வைத்தே நிறைய ஏமாற்று நடக்கிறது. லெமன் யூகலிப்டஸ் என்ற மரத்தின் எண்ணெயைப் பதப்படுத்தி, பிஎம்டி என்ற பொருளைச் செறிவாக்கி ஒரு மருந்து செய்கிறார்கள். அது உண்மையாகவே சில மணி நேரம் காக்கும், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும் பரிந்துரைக்கிறது. ஆனால் அதே மரத்தின் பதப்படுத்தாத எண்ணெய் அந்த மருந்து ஆகாது. ஊட்டியில் வாங்கி வரும் நீலகிரித் தைலம் வேறு மரம், அதில் இருப்பது சினியோல் என்ற வேறு பொருள். அதுவும் அந்த மருந்து ஆகாது. இன்னொன்று: அந்த அசல் மருந்தையே மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தடவக் கூடாது. உங்கள் மகளுக்கு வயது இரண்டு. யாராவது ‘யூகலிப்டஸை வெளிநாட்டிலேயே ஏற்றுக்கொண்டார்கள்’ என்றால் இது மூன்றையும் நினைவில் வையுங்கள். தைலப் பாட்டிலைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். சின்னக் குழந்தை சில மில்லி குடித்தாலே வலிப்பு வரலாம்.

‘மூலிகை’ என்று எழுதி விற்கும் கொசு ஊதுபத்தியையும் நம்பாதீர்கள். இந்தியாவில் அனுமதி பெறாத பூச்சிக்கொல்லிகள் அவற்றில் கலந்திருப்பது பல முறை வெளிவந்திருக்கிறது. 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி கொசு மருந்துக்குப் பதிவு எண் வேண்டும். சட்டம் இருக்கிறது, கடை கடையாகப் போய்ப் பார்ப்பவர்தான் இல்லை. அதனால் லேபிளை நீங்களே பாருங்கள். எண் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, என்னதான் செய்வது? ஏடிஸ் முட்டையை நீரின் விளிம்பில், சுவரோடு ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எண்ணெயும் அதைத் தொடாது, தெருவில் அடிக்கும் புகை மருந்தும் தொடாது. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு நாள் டிரம், குடம், ஃப்ரிட்ஜ் பின்தட்டு எல்லாவற்றையும் காலி செய்து நாரால் தேய்த்துக் கழுவுங்கள். டேங்கையும் சம்ப்பையும் இடுக்கில்லாமல் மூடுங்கள். அடிக்கடி கழுவ முடியாத தொட்டியில், மாநகராட்சி ஆட்கள் அபேட் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்ற வந்தால் தடுக்காதீர்கள். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்த மருந்து அது. தினக்கூலிக்கு வீடு வீடாக ஏறி இறங்கும் அந்தப் பணியாளர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, 450 ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிறோம். காய்ச்சல் வந்த பிறகுதான் அவர்களை அந்தத் தெருவுக்கு அனுப்புகிறார்கள் என்பது வேறு கொடுமை.

பையனுக்கு டீட் அல்லது டைஎத்தில் பென்சமைடு உள்ள, பதிவு எண் போட்ட க்ரீமை லேபிளில் சொன்னபடி பள்ளிக்குக் கிளம்பும்போதும் மாலை விளையாடப் போகும்போதும் தடவுங்கள். இந்தக் கொசு பகலில் கடிப்பது, அந்த இரண்டு வேளையும் அதிகம். மகளுக்கு க்ரீம் போடுவதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை முழுக்கை உடை போதும். மதியம் அவள் தூங்கும்போது கொசுவலையைக் கட்டிவிடுங்கள்.