பொது மனநல வைத்தியர் – கடிதம்

வணக்கம் சேர்,

கொழும்பில் உளமருத்துவ மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கிறேன், சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி. கூடப் படிக்கிறவர்கள் சிறுவர், முதியோர் என்று ஒவ்வொரு பிரிவாகப் போக நினைக்கிறார்கள். எனக்கு மட்டக்களப்பில் பொது மனநல வைத்தியராக வேலை செய்யத்தான் விருப்பம். இந்தப் பயிற்சி அதற்குக் காணுமா?

– ஒரு பயிற்சி வைத்தியர்

அன்புள்ள தங்கச்சி,

காணாது என்றுதான் சொல்லுவேன். வருத்தங்களையும் குளிசை அளவுகளையும் பரீட்சைக்காகவே படித்துவிடுவீர்கள், அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் சில மாதத்துக்கொரு முறை இடம் மாறுகிற பயிற்சியில் ஒரே ஆளை வருஷக்கணக்காகப் பார்க்கக் கிடைக்காது. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) உள்ள ஒருவர் சுகமாகி வீட்டுக்குப் போவதை நீங்கள் பார்ப்பீர்கள். அவர் 'எனக்குத்தான் ஒண்டுமில்லையே' என்று குளிசையை விட்டு, மாதாந்த ஊசிக்கும் வராமல், வயல் வெட்டு முடியட்டும் என்று வீட்டாரும் பேசாமல் இருந்து, கடைசியில் அவர்களே அவருடைய கையைக் கட்டிக் கொண்டுவருவதை இன்னொருவர்தான் பார்ப்பார். பொது மனநல வேலையில் பாதி இந்த இடைக்காலம்தான். மேற்பார்வையாளரிடம் கெஞ்சியாவது கேளுங்கள், பயிற்சி முழுக்க ஒரு சிலரையாவது உங்கள் பொறுப்பிலேயே விடச் சொல்லி.

அப்புறம் உடம்பு. மனநலத்துக்கு வந்தவுடன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கசிப்புக் குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சியைப் பிடிக்கிறவரை 'பைத்தியம்' என்று மருத்துவ வாட்டிலிருந்து உங்களிடம் தள்ளுவார்கள். அவருக்குத் தேவை நடுக்கத்தை அடக்கும் டயஸிபாமும் தயமின் என்கிற விற்றமின் B1-உம். மனநோய்க்கான ஊசியை மட்டும் போட்டுவிட்டுப் போனால் வலிப்பு வரலாம். பிள்ளை பெற்று இரண்டு கிழமைக்குள் நித்திரையில்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுகிற தாயைப் 'பயந்திட்டாள்' என்று கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கொண்டுபோகட்டும், ஆனால் அன்றைக்கே உங்களிடமும் வரவேண்டும், இரண்டு உயிர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், மனநிலை ஏறி இறங்காமலிருக்க லித்தியம் குடிக்கிற ஒருவர் வெயிலில் வேர்த்துக் களைத்து, முழங்கால் நோவுக்குக் கடையில் டிக்ளோஃபெனக் வாங்கிப் போட்டாரென்றால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். என்ன வேலை, வேறென்ன குளிசை என்று கேட்காமல் இதைப் பிடிக்க முடியாது. இரத்தம் எடுப்பதும் கடைசியாகக் குடித்து பன்னிரண்டு மணித்தியாலத்தில் என்பதால், அவருடைய பஸ் எத்தனை மணிக்கு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்!

முந்தி இங்கிருந்து நோயாளர்களைக் கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இப்போது அப்படியில்லை, அதனால் வேலை கூட. தனியாளாக எல்லாரையும் பார்க்க ஏலாது, மனநல வைத்திய அதிகாரிகளுக்கும் தாதிமாருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற ஆளும் நீங்கள்தான். இப்போதே இளையவர்களுக்குப் படிப்பித்துப் பழகுங்கள்.

பொது வைத்தியரிடம் பிள்ளைகளும் வருவார்கள், அதனால் சிறுவர் பிரிவில் கிடைக்கிற மாதங்களை மட்டும் வீணாக்காதீர்கள். கொழும்பில் சிங்களத்தில் கிளினிக் பார்த்துப் பழகுவதும் வீண் போகாது, அம்பாறை நகருக்கு மாற்றம் வந்தால் முதல் நாளே தேவைப்படும்.